இறால் குட்டையும் பிவிசி பைப்பும்: பொருள் குவிப்பு வரியில் கடலூர் மாவட்டம் எங்கே நிற்கிறது?

சிதம்பரத்தில் நடைபெற்ற மாவட்டப் பொருளாதாரக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். தோழர்கள் முழுமையாகப் படித்து, தங்கள் கிளைக் கூட்டங்களில் பேசுமாறு கேட்டுக்கொள்கிறோம்.



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு பொருள் குவிப்புத் தடுப்பு வரி. ஆங்கிலத்தில் ஆன்டி டம்பிங் டூட்டி. பேரைக் கேட்டதும் இது டெல்லியிலும் ஜெனீவாவிலும் பேசுற விஷயம், நமக்கு என்ன வந்தது என்று தோணும். ஆனா இந்த வரியோட ரெண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் அனுபவிக்கிற மாவட்டம் நம்ம மாவட்டம்.

சிதம்பரத்துக்குக் கிழக்கே போனா வெள்ளாற்றங்கரை வரைக்கும் இறால் குட்டைகள். இந்திய இறால் மேல அமெரிக்கா 2005-லிருந்து இந்த வரியைப் போட்டுக்கிட்டு இருக்கு. வடக்கே கடலூர் சிப்காட் பக்கம் போனா பிவிசி ஆலை. அங்கே தயாராகுற சரக்கைக் காப்பாத்தணும்னு, வெளிநாட்டு பிவிசி மேல இதே வரியைப் போடச் சொல்லி நம்ம நாட்டிலேயே மனு போகுது. அங்கே நாம குற்றம் சாட்டப்பட்டவங்க. இங்கே நாம புகார்தாரர். சட்டம் ஒண்ணுதான்.

டம்பிங் என்றால் என்ன?

ஒரு கம்பெனி தன் சொந்த நாட்டில் ஒரு பொருளை 100 ரூபாய்க்கு விக்குது. அதே பொருளை நம்ம நாட்டுக்கு 80 ரூபாய்க்கு அனுப்புது. இதுதான் டம்பிங். விலை குறைவா இருக்கிறது மட்டும் குற்றம் இல்ல. சொந்த ஊர் விலையைவிடக் குறைச்சு வெளியூரில் கொண்டுவந்து கொட்டுறது, அதனால இங்கே இருக்கிற தொழில் அடி வாங்குறது, அந்த அடிக்குக் காரணம் அந்தச் சரக்குதான் என்பது, இந்த மூணையும் நிரூபிச்சா வரி போடலாம். உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தம் இதை அனுமதிக்குது. நம்ம நாட்டில் 1975-ஆம் ஆண்டு சுங்கக் கட்டணச் சட்டத்தின் 9ஏ பிரிவில் இது இருக்கு. விசாரிக்கிறது வணிகத் துறையின் கீழ் இருக்கும் வர்த்தகத் தீர்வுகள் தலைமை இயக்குநரகம். அது பரிந்துரை செய்யும். வரியை அறிவிக்கிற அதிகாரம் நிதி அமைச்சகத்துக்கு.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். சாதாரண இறக்குமதி வரி பெரும்பாலும் எல்லா நாட்டுக்கும் ஒண்ணா விழும். இந்த வரி அப்படி இல்ல. பேர் சொல்லிப் போடுற வரி இது. இந்த நாட்டுக்கு இவ்வளவு, அந்த நாட்டுக்கு அவ்வளவு, ஒரே நாட்டுக்குள்ளேயே இந்தக் கம்பெனிக்கு ஒண்ணு, அந்தக் கம்பெனிக்கு இன்னொண்ணு. பேர் சொல்லப்படாத நாட்டுச் சரக்கு வழக்கம்போல வரும்.

கீழணையில் ஷட்டர் இறக்குறதைப் பார்த்திருப்பீங்க. கொள்ளிடத்துப் பக்கம் ஷட்டரை இறக்கினா தண்ணி அப்படியே நின்னுடாது. வடவாறு பக்கம் திரும்பி வீராணத்துக்குப் போகும். தண்ணியோட அளவு அதேதான், போற வழிதான் வேற. பேர் சொல்லிப் போடுற வரியும் அந்த ஷட்டர் மாதிரிதான். பொருளாதாரத்தில் இதுக்கு வர்த்தகத் திசைமாற்றம் என்று பேர். இது எப்படி நடக்குதுன்னு புத்தகத்தில் தேட வேண்டாம். நம்ம இறாலோட கதையிலேயே இருக்கு.

சுனாமி வந்து 37-ஆம் நாள்

2003 டிசம்பர் 31. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இறால் பிடிக்கிறவங்களோட அமைப்பான சதர்ன் ஷ்ரிம்ப் அலையன்ஸ் ஒரு மனு போடுது. பிரேசில், சீனா, ஈக்வடார், இந்தியா, தாய்லாந்து, வியட்நாம் ஆகிய ஆறு நாடுகள் இறாலை அடிமாட்டு விலைக்குக் கொண்டுவந்து குவிக்குது என்பது புகார். 2004 முழுக்க விசாரணை.

அந்த வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி என்ன நடந்ததுன்னு இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தேவனாம்பட்டினத்திலிருந்து கிள்ளை எம்ஜிஆர் திட்டு வரைக்கும் நாம பிணம் எண்ணிக்கிட்டு இருந்தோம். படகு போச்சு, வலை போச்சு, குட்டைகளில் கடல் ஏறிப் போச்சு. சரியா 37-ஆம் நாள், 2005 பிப்ரவரி 1-ஆம் தேதி, அமெரிக்காவின் வரி ஆணை வெளியாகுது. பெரும்பாலான இந்திய ஏற்றுமதியாளர்களுக்கு 10.17 சதவீதம்.

சுனாமியில் அடிபட்ட இந்தியாவுக்கும் தாய்லாந்துக்கும் இந்த வரி தேவையா என்று அமெரிக்காவின் சர்வதேச வர்த்தக ஆணையம் தனியா ஒரு மறுஆய்வு நடத்தினது உண்மை. 2005 நவம்பரில் முடிவு வந்தது: வரி தொடரும்.

சரக்கு எந்த வழியில் போனது?

தோழர்களே, இந்த வரியால் அமெரிக்காவுக்குள்ள இறால் வரத்து குறைஞ்சதா? குறையல. 2004-ஐவிட 2006-இல் அமெரிக்காவின் மொத்த இறால் இறக்குமதி அதிகம். அப்ப மாறினது என்ன? வந்து சேர்ந்த வழி. அதை அஞ்சு விதமா பிரிச்சுச் சொல்றேன்.

ஒண்ணு, நாடு மாறுச்சு. மனுவில் பேர் வராத இந்தோனேசியா, மலேசியா, வங்கதேசம் போன்ற நாடுகள் அந்த இடத்துக்குள்ள நுழைஞ்சாங்க. அவங்க இறால் நம்ம இறாலைவிட உசத்தி இல்ல. பட்டியலில் பேர் இல்ல, அவ்வளவுதான்.

ரெண்டு, பொருளோட உருவம் மாறுச்சு. உறைந்த இறாலுக்கு வரி உண்டு. பிரெட் தூள் பூசின இறாலுக்கு இந்த ஆணையில் வரி இல்ல. உடனே பூசின இறாலோட ஏற்றுமதி ஏறுச்சு. சீனா இந்த வழியை நல்லாவே பயன்படுத்திக்கிட்டது. அதே இறால்தான், மேல மாவுச் சட்டை.

மூணு, பேர் மாறுச்சு. சீனாவுக்குப் பொது விகிதம் 112.81 சதவீதம். அந்த விகிதத்தில் யாரும் வியாபாரம் செய்ய முடியாது. அதனால் சீன இறால் மலேசியா, இந்தோனேசியா வழியா அந்த நாட்டுச் சரக்குன்னு பேர் மாறி வருதுன்னு அமெரிக்கத் தரப்பே புகார் சொன்னது. வரி எவ்வளவுக்கு உயரமோ, அவ்வளவுக்குத் திருட்டு வழியில் லாபம்.

நாலு, கம்பெனி மாறுச்சு. அதே சீனாவில் ஒரு கம்பெனிக்கு விசாரணையில் டம்பிங் இல்லைன்னு தீர்ப்பாகி, அது ஆணையிலிருந்தே விலக்கப்பட்டது. ஒரு நாட்டுக்குள்ள பக்கத்துப் பக்கத்து ஆலைக்கு ஒண்ணுக்குப் பூஜ்யம், இன்னொண்ணுக்கு 112. இது சந்தை கொடுத்த மார்க் இல்ல, விசாரணை கொடுத்த மார்க்.

அஞ்சு, நம்ம சரக்கு திசை மாறுச்சு. இந்திய ஏற்றுமதியாளர்கள் ஐரோப்பா பக்கமும் ஜப்பான் பக்கமும் திரும்பினாங்க. 2006-07-இல் இந்தியக் கடல் உணவுக்குப் பெரிய சந்தையா ஐரோப்பிய ஒன்றியம் வந்தது. அமெரிக்காவுக்கு நேரா அனுப்பிக்கிட்டு இருந்த சின்ன ஏற்றுமதியாளர்கள் பலர் அந்தப் பாதையை விட்டே விலகினாங்க.

ஆறு நாட்டைத் தடுத்தாங்க. இறால் வந்துக்கிட்டேதான் இருந்தது. அங்கே இருக்கிற மீனவருக்காவது விடிஞ்சதா? இருபது வருஷம் கழிச்சும் அதே குறையோடதான் அவங்க நிக்கிறாங்க. அமெரிக்க மீனவன் நமக்கு எதிரி இல்ல தோழர்களே. டீசல் விலையும் ஐஸ் விலையும் நம்மைப் போலவே அவனையும் வாட்டுது. அவனுக்குக் கொடுத்த மருந்து நோய்க்குச் சேரல.

பணம் யார் பாக்கெட்டிலிருந்து போனது?

வரியைக் கட்டுறது இறக்குமதி செய்றவர்னு சட்டம் சொல்லும். நடைமுறை வேற. இறால் வியாபாரத்தில், அங்கே போய் வரி கட்டிச் சரக்கை ஒப்படைக்கிற பொறுப்பையும் நம்ம ஏற்றுமதியாளரே ஏத்துக்கிட்டு விக்கிற வழக்கம் உண்டு. அவர் அந்தச் சுமையை எங்கே இறக்குவார்? ஏஜென்ட் மேல. ஏஜென்ட் எங்கே இறக்குவார்? குட்டைக்கரையில் இருக்கிற உங்க மேல.

ஒரு கணக்குக்கு வெச்சுக்குவோம். பதப்படுத்தின இறால் கிலோ 600 ரூபாய்க்கு ஏற்றுமதி ஆகுதுன்னா, 10.17 சதவீதம் என்றால் 61 ரூபாய். அந்த 61 ரூபாயில் பாதி கவுண்ட் விலையில் இறங்கினாலும் குட்டைக்காரருக்குக் கிலோவுக்கு 30 ரூபாய் போச்சு. தீவனக் கடைக்காரர் கடனைக் குறைச்சுக்குவாரா? ஏரேட்டருக்குக் கரண்ட் பில் குறையுமா? குஞ்சு விலை குறையுமா? எதுவும் குறையாது. அமெரிக்காவின் அந்த வரி கிள்ளையில் விலைக்குறைப்பு என்ற பேரில் வந்து சேருது.

இன்னொரு கொடுமை. அமெரிக்க முறைப்படி வரி உடனே முடிவாகாது. சரக்கு போகும்போது முன்பணம் கட்டணும். அப்புறம் வருஷா வருஷம் மறுஆய்வு. உண்மையான விகிதம் இவ்வளவுதான்னு முடிவாக ஒண்ணு ரெண்டு வருஷத்துக்கு மேல ஆகும். கட்டினது அதிகம்னா திருப்பித் தருவாங்க. ஆனா அந்தத் திருப்பிய பணம் ஏற்றுமதியாளர் கணக்கோட நிக்கும். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கம்மி விலைக்கு இறால் கொடுத்த விவசாயியைத் தேடி அது வராது. ஏறும்போது சுமை கீழே வரும், இறங்கும்போது லாபம் மேலேயே நின்னுடும்.

இதோட முடியல. முன்பணம் கட்டினது போதாதுன்னு, அதே அளவு தொகைக்கு ஜாமீன் பத்திரமும் கொடுன்னு அமெரிக்கச் சுங்கத்துறை இறாலுக்கு மட்டும் தனியா கேட்டது. இதை எதிர்த்து இந்தியா உலக வர்த்தக அமைப்புக்குப் போச்சு. 2008 ஜூலையில் மேல்முறையீட்டு அமைப்பு, அந்த ஜாமீன் நியாயமானதல்லன்னு தீர்ப்புச் சொன்னது. நம்ம பக்கம்தான் ஜெயிச்சோம். ஆனா ஜெயிக்கிறதுக்கு மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு. பெரிய கம்பெனி அதுவரைக்கும் மூச்சுப் பிடிச்சு நிக்கும். பேங்க் கடனில் ஓடுற சின்ன ஏற்றுமதியாளர் நிக்க முடியுமா?

அதுக்கு மேல பைர்ட் திருத்தம்னு 2000-ஆம் ஆண்டில் அமெரிக்கா ஒரு சட்டம் வெச்சிருந்தது. இப்படி வசூலாகுற வரி அரசாங்கக் கஜானாவில் தங்காது, மனு போட்ட தொழிலுக்கே பங்கு பிரிச்சுக் கொடுக்கப்படும். கேஸ் போட்டவருக்கே அபராதப் பணம்! 2003-லேயே இது விதிமீறல்னு உலக வர்த்தக அமைப்பு சொல்லியாச்சு. 2006-இல் சட்டத்தை ரத்து செஞ்சாங்க. ஆனாலும் 2007 அக்டோபர் வரைக்கும் உள்ளே வந்த சரக்கோட வரி அதே வழியில் போச்சு. நம்ம குட்டைக்காரர் இழந்த ரூபாய் அங்கே யாருக்கோ காசோலையா போச்சு.

ஈக்வடார் செஞ்சது, நாம செய்யாதது

இதே பட்டியலில் இருந்த சின்ன நாடு ஈக்வடார். அவங்க ஜாமீனைப் பத்திப் பேசல. வரியைக் கணக்குப் போட்ட முறையிலேயே கைவெச்சாங்க. அந்த முறைக்கு ஜீரோயிங்னு பேர்.

எளிமையாச் சொல்றேன். நியாயமான விலை 100 ரூபாய். மூணு தடவை வித்திருக்கீங்க, 90-க்கு, 100-க்கு, 110-க்கு. சராசரி 100. டம்பிங்கே இல்ல. ஆனா அன்னைய அமெரிக்கக் கணக்கில், 90-க்கு வித்தது 10 ரூபாய் குற்றம்னு எழுதினாங்க. 110-க்கு வித்ததில் வந்த 10 ரூபாயைக் கழிக்கல, அதைப் பூஜ்யம்னு எழுதிட்டாங்க. கூட்டினா நீங்க டம்பிங் பண்ணினவர். பரீட்சையில் தப்புக்கு மட்டும் மார்க் குறைச்சு, சரிக்கு மார்க் போடாத வாத்தியார் மாதிரி.

ஈக்வடார் இதை எதிர்த்து வழக்குப் போட்டது. 2007 ஜனவரியில் ஜெயிச்சது. கணக்கைத் திருத்தினதும் அதோட விகிதம் கரைஞ்சுபோச்சு. அதே வருஷம் ஆகஸ்டில் ஈக்வடார் மேல இருந்த ஆணை ரத்தாச்சு. பிரேசில் மேல இருந்ததும் 2017 மறுஆய்வில் போச்சு. இந்தியா மேல இருக்கிற 2005 ஆணை அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு இன்னைக்கும் உயிரோட இருக்கு. ஈக்வடார் இன்னைக்கு உலகத்திலேயே பெரிய இறால் ஏற்றுமதி நாடு. அதுக்கு வேற பல காரணங்களும் உண்டு. ஆனா அந்த விடுதலைக்கும் ஒரு பங்கு உண்டுன்னு சொன்னா தப்பில்ல.

நாமும் எழுந்து நின்னோம். 2009-இல் வனாமி இறால் வளர்க்க அனுமதி வந்தது. 2012, 2013-இல் தாய்லாந்துப் பண்ணைகளில் குஞ்சுகள் கொத்துக் கொத்தா செத்த நோய் வந்து அவங்க உற்பத்தி சரிஞ்சப்போ, அந்த இடத்தை இந்தியா பிடிச்சது. 2024-25-இல் இந்தியா ஏற்றுமதி செஞ்ச உறைந்த இறால் 7,41,529 டன். அதில் 3,11,948 டன் அமெரிக்காவுக்கு மட்டும். அஞ்சில் ரெண்டு பங்குக்கு மேல ஒரே வீட்டு வாசலில் நிக்குது. ஒரே சந்தையை நம்பி நின்னா என்ன ஆகும்? 2024 முடிவில் 5.77 சதவீதம் மானிய எதிர்வரி தனியா வந்தது. 2025 ஆகஸ்ட் 27-ஆம் தேதி ட்ரம்ப் நிர்வாகத்தின் கூடுதல் வரி 50 சதவீதத்தைத் தொட்டது. ட்ரம்ப் போடுற வரி செய்தியில் வரும், ஏறும், இறங்கும். டம்பிங் ஆணை சத்தமில்லாம இருபது வருஷமா அடியில் ஓடிக்கிட்டு இருக்கு. அதையும் சேர்த்துத்தான் பேசணும்.

இப்ப கடலூர் பக்கம் திரும்புவோம்

இறாலில் நாம அடி வாங்கினோம். பிவிசியில் இதே ஆயுதம் நம்ம நாட்டுக் கையில் இருக்கு. அதை எப்படிப் பயன்படுத்துறோம்?

கடலூரில் கெம்ப்ளாஸ்ட் நிறுவனத்தின் பிவிசி ஆலை 2009-லிருந்து ஓடுது. விசிஎம் என்கிற மூலப்பொருள் கப்பலில் வருது, இங்கே பிவிசி ஆகுது. அந்த பிவிசிதான் போர் பைப், வீட்டுத் தண்ணிக் குழாய், சாக்கடைக் குழாய். கிள்ளையில் இறால் குட்டைக்குத் தண்ணி இறைக்கிற குழாயும் அதுதான். இந்தியாவின் பிவிசித் தேவையில் பாதிக்கு மேல வெளிநாட்டிலிருந்து வருது.

2008 ஜனவரியில் சீனா, இந்தோனேசியா, ஜப்பான், தென்கொரியா, மலேசியா, தைவான், தாய்லாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளின் பிவிசி மேல இந்தியா டம்பிங் வரி போட்டது. அது தொடர்ந்து நீட்டிக்கப்பட்டு, கடைசியில் சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் மட்டும்னு சுருங்கி, 2022 பிப்ரவரியில் முடிவுக்கு வந்தது. சரியா அந்தக் காலத்தில் சீனாவில் வீடு கட்டுற தொழில் படுத்துக்கிட்டது. நிலக்கரியிலிருந்து பிவிசி எடுக்கிற ஆலைகளில் சரக்கு தேங்கிக் கிடந்தது. ஷட்டர் இங்கே திறந்திருந்தது. அந்தச் சரக்கு இந்தியாவுக்கு ஓடி வந்தது.

2024 மார்ச்சில் புது விசாரணை. மனு போட்ட கம்பெனிகளில் கடலூர் ஆலையும் உண்டு, தூத்துக்குடி மாவட்டம் சாகுபுரத்து டிசிடபிள்யூவும் உண்டு. ஏழு நாடுகள் மேல புகார். 2024 அக்டோபரில் இடைக்கால வரி போடலாம்னு பரிந்துரை வந்தது. நிதி அமைச்சகம் அதை அறிவிக்கல. 2025 ஆகஸ்டில்தான் இறுதிப் பரிந்துரை. 2022 பிப்ரவரியிலிருந்து கணக்குப் பாருங்க, மூணரை வருஷம். வரி வருமா வராதான்னு தெரியாத காலத்தில் பெரிய வியாபாரி முன்கூட்டியே சரக்கு வாங்கிக் குடோனில் போட்டுக்குவார். ரெண்டு மெஷின் வெச்சு பைப் ஊத்துறவர் அன்னன்னைக்கு விலைக்கு வாங்கி அல்லாடுவார்.

இன்னொரு வகை பிவிசியோட கதையையும் கேளுங்க. பேஸ்ட் பிவிசின்னு பேர். ரெக்சின், கையுறை, தரைவிரிப்பு எல்லாம் இதில்தான். இதுக்கும் கடலூரில் உற்பத்தி இருக்கு. 2024 ஜூனில் சீனா, தென்கொரியா, மலேசியா, நார்வே, தைவான், தாய்லாந்து ஆகிய ஆறு நாட்டுப் பேஸ்ட் பிவிசி மேல இடைக்கால வரி வந்தது. அப்புறம் என்ன? ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வர்ற சரக்கு மேலயும் விசாரணை தொடங்க வேண்டியதாச்சு. நம்ம இறாலுக்கு நடந்ததேதான். ஆறு கதவை மூடினாங்க, ஏழாவது கதவு, எட்டாவது கதவுன்னு வேலை நீளுது.

அப்ப வரியே வேண்டாமா?

அப்படிச் சொல்ல நான் வரல. சரக்கைக் கொட்டி ஒரு தொழிலை மூட வெச்சு, அப்புறம் விலையை ஏத்துறது உலகத்தில் நடக்குற வேலை. கடலூர் ஆலை மூடினா கேட்டுக்கு வெளியே நிக்கப்போறது முதலாளி இல்ல, காண்ட்ராக்ட் தொழிலாளி. அதனால் பாதுகாப்பு வேணும்.

வரி போட்டா எல்லாம் சரியாயிடும்னு சொல்றதையும் நான் ஏத்துக்கல. பிவிசிக்கு வரி போட்டா பைப் விலை ஏறும். அதைக் கொடுக்கிறது போர் போடுற விவசாயி, வீடு கட்டுற குடும்பம், சின்ன பைப் கம்பெனி. பெரிய பிவிசி உற்பத்தியாளர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவங்க. பைப் ஊத்துற சின்ன யூனிட்டுகள் நாடு முழுக்க ஆயிரக்கணக்கில். விசாரணையில் வக்கீல் வெச்சுப் பேசுறது முதல் தரப்பு. ரெண்டாவது தரப்புக்கு விசாரணை நடக்குறதே பத்திரிகையில் வந்த பிறகுதான் தெரியும்.

இறால் வழக்கிலும் இதேதான் நடந்தது. அமெரிக்க விசாரணையில் கேள்வித்தாள் வந்தது பெரிய ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு. கிள்ளைக்காரரை யாரும் கேக்கல. இந்தச் சட்டத்தில் வாதி, பிரதிவாதி எல்லாம் கம்பெனிகள். வரியைச் சுமக்கிறவங்க பேர் எந்தக் காகிதத்திலும் இல்ல. இதை மாத்தணும்.

நாம் வைக்கும் கோரிக்கைகள்

1. எந்த டம்பிங் விசாரணையாக இருந்தாலும், அந்தத் தொழில் இருக்கும் மாவட்டத்தில் தமிழில் அறிவிப்பு வெளியிட வேண்டும். தொழிலாளர்கள், சிறு உற்பத்தியாளர்கள், விவசாயிகள் ஆகியோரின் கருத்தை மாவட்டத்திலேயே பதிவு செய்ய வேண்டும். பிவிசி என்றால் கடலூரில்.

2. விசாரணை ஒரு நாட்டைப் பற்றி இருந்தாலும், எந்த நாட்டிலிருந்து எவ்வளவு சரக்கு வருகிறது என்பதை மாதாமாதம் எளிய வடிவில் வெளியிட வேண்டும். வரி வந்ததும் எந்த வாய்க்கால் வழியாகச் சரக்கு திரும்புகிறது என்பது அப்போதுதான் தெரியும். தோற்றச் சான்றிதழ்களைத் துறைமுகத்திலேயே கறாராகச் சரிபார்க்க வேண்டும்.

3. பரிந்துரைக்கும் முடிவுக்கும் இடையே இழுத்தடிக்கக் கூடாது. வரி வேண்டும் என்றால் போடுங்கள். வேண்டாம் என்றால் காரணத்தை எழுதி வெளியிடுங்கள்.

4. வரிப் பாதுகாப்பு பெறும் ஆலை, அதற்கு ஈடாகக் காண்ட்ராக்ட் தொழிலாளரை நிரந்தரமாக்கவும், உள்ளூர் இளைஞருக்கு வேலை கொடுக்கவும், சிப்காட் மாசுக் கட்டுப்பாட்டு விதிகளை முழுமையாகக் கடைப்பிடிக்கவும் வேண்டும். மக்கள் பைப்புக்குக் கூடுதல் விலை கொடுத்துக் காப்பாற்றும் தொழில், மக்களுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

5. வெளிநாட்டு டம்பிங் வழக்குகளில் சிறு ஏற்றுமதியாளர்களுக்கும் பண்ணையாளர் சங்கங்களுக்கும் அரசு செலவில் சட்ட உதவி வேண்டும். இறால் மீதான 2005 ஆணையை முடிவுக்குக் கொண்டுவருவதை வர்த்தகப் பேச்சுவார்த்தையில் ஒரு நிபந்தனையாக ஒன்றிய அரசு வைக்க வேண்டும்.

6. ஏற்றுமதியாளருக்குத் திருப்பித் தரப்படும் வரியில் பண்ணையாளருக்கும் பங்கு கிடைக்கும்படி கொள்முதல் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். பரங்கிப்பேட்டை, கிள்ளை பகுதியில் பொதுக் குளிர்பதனக் கிடங்கு வேண்டும். விலை சரியும்போது வைத்து விற்க ஓர் இடம் இருந்தாலே ஏஜென்ட் சொன்ன விலைக்குத் தலையாட்ட வேண்டியதில்லை.

தோழர்களே, இறால் பண்ணைக்காரரும் சிப்காட் தொழிலாளியும் இங்கே ஒரே பாயில் உக்காந்திருக்கீங்க. வரி வேணும்னு ஒருத்தர், வரியால் அழிஞ்சேன்னு இன்னொருத்தர், ரெண்டு பேரையும் எதிரெதிரா நிறுத்திப் பேசுறது சுலபம். ஆனா ரெண்டு பேரும் கேக்குறது ஒண்ணுதான்: எங்க பிழைப்பைப் பத்தி முடிவு எடுக்கும்போது எங்களையும் கேளுங்க.

அடுத்த மாதத்துக்குள்ள ஒவ்வொரு கிளையும் தங்கள் பகுதியில் இருக்கும் பைப் யூனிட்டுகள், இறால் பண்ணைகள், அதில் வேலை செய்றவங்க எத்தனை பேர், இந்த ரெண்டு வருஷத்தில் வாங்கின விலை, வித்த விலை எவ்வளவு என்ற கணக்கை எடுத்துக்கொடுங்க. டெல்லிக்கு மனு போகும்போது கோஷம் மட்டும் போதாது, கணக்கும் கூடப் போகணும். இந்தச் சட்டத்தில் ஜெயிக்கிறவன் கணக்கு வெச்சிருக்கிறவன்தான். ஈக்வடார் ஜெயிச்சதும் அப்படித்தான்.



#கடலூர் #சிதம்பரம் #இறால்விவசாயிகள் #சிப்காட்தொழிலாளர்